எண்பத்தொரு பாக்கெட் மாவு

சேலையூர், தாம்பரம் கிழக்கு
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள அண்ணன் முகிலனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை தேவதர்ஷினி எழுதுவது. அம்மாவுக்கு இந்த வாரம் இடுப்பு வலி குறைந்திருக்கிறது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, புனேயில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா சொல்கிறாள், அதை முதலில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஒன்றாம் தேதி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பணத்தின் வாலில் ஒரு ஐம்பது ரூபாய் இருந்தது. பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அம்மா பத்தாயிரத்தைப் பார்த்தாள், நான் ஐம்பதைப் பார்த்தேன். அதைப் பற்றி அம்மா எழுந்து போன பிறகு எழுதுகிறேன். அம்மாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட மட்டும்தான் தெரியும், பேனா நகர்ந்தால் தான் சொன்னதுதான் நகர்கிறது என்று நினைத்துக்கொள்வாள், இருந்தாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மா சொன்னது இது. ஒன்றாம் தேதி சாயங்காலம் நாவலூர் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலை முடிந்து வேனில் வந்துகொண்டிருந்தபோது மேடவாக்கம் சிக்னலில் போன் டிங் என்றதாம், எடுத்துப் பக்கத்து சீட்டு கெசியா அக்காவிடம் கொடுத்தாளாம், அவள், யக்கா, பதினோராயிரம் கிட்ட அனுப்பிகிறான் உன் புள்ள, தீபாவளி போனஸ்மானு வேற எழுதிகிறான் பாரு என்று வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாளாம், போன் கை மாறிக் கை மாறிக் கடைசி சீட்டு வரைக்கும் போய் வந்ததாம். சூப்பர்வைசர், இன்னாம்மா பச்சையம்மா, நாளைலேர்ந்து தொடப்பத்தைத் தூக்குவியா இல்ல எங்களுக்கு டாட்டாவா என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அம்மா இப்போதும் சிரிக்கிறாள். அந்தப் பணத்தில் உனக்கு நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை எடுத்திருக்கிறாள், சைஸ் நாற்பது, போன தடவை வந்தபோது நீ இளைத்திருந்தாய், லூசாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ள வேண்டுமாம். தனக்கு ஒரு பூனம் சேலை, எனக்கு ஒரு நைட்டி. மீதியில் சாமான் வாங்கி முறுக்கும் அதிரசமும் சுட்டோம், எல்லாம் இந்தக் கடிதத்தோடு ஒரே பெட்டியில் வருகிறது, முறுக்கு மேலே இருக்கும், பெட்டியைத் தலைகீழாகப் பிரிக்காதே. அம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்து உண்டியலில் ஐந்நூறு ரூபாய் போட்டிருக்கிறாள். போனில் எழுதினால் நீ பார்க்கிறாயா இல்லையா என்று தெரியவில்லை, கூப்பிட்டாலும் மீட்டிங் என்று கட் பண்ணிவிடுகிறாய், பெட்டியில் வைத்தால் முறுக்கு எடுக்கும்போதாவது கையில் தட்டுப்படும் என்றுதான் காகிதத்தில் எழுதச் சொன்னாள்.

இன்னொரு சந்தோஷச் செய்தி என்று அம்மா எழுதச் சொன்னது, படப்பையில் நம் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அனுப்பிரியா என்று பெயர், பி.காம். முடித்திருக்கிறாள். போன ஞாயிறு அவளுடைய அப்பா கேசவன் மாமா நம் வீட்டுக்கு வந்திருந்தார். பையன் மாசம் இன்னா சம்பாதிக்கிறான், வூட்டுக்கு இன்னா அனுப்பறான்னு கேட்டாரு, நான் இன்னாத்துக்கு வாயால சொல்லணும், போனைத் தொறந்து அவரு கைல குடுத்துட்டேன், அவரு கண்ணாடிய மாட்டிகினு மாசம் மாசமா தள்ளித் தள்ளிப் பார்த்தாரு, ஒரு மாசம் கூட தவறல, இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளயான்னாரு என்று அம்மா சொல்கிறாள். கார்த்திகையில் நீ நாலு நாள் லீவு போட்டு வர வேண்டுமாம், பெண்ணை நேரில் பார்த்துவிட்டால் தை மாதம் தட்டு மாற்றிக்கொள்ளலாமாம். பைக்கில் வேகமாகப் போகாதே, ரூமில் இருக்கிறவர்களுக்குக் கைமாற்று கொடுக்காதே, கொடுத்தால் வராது. கடைசியாக என்னைப் பற்றி. இந்த தர்ஷினிக்கு நீதான் ரெண்டு வார்த்தை புத்தி சொல்லணும், ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மெண்ட்ல பாதி வூட்டுல மாவு வாங்கறத நிறுத்திட்டாங்கோ, இது இன்னா பண்ணி வெச்சுதோ, கேட்டா தலையக் குனிஞ்சுகினு கீது, அண்ணன் சம்பாத்தியத்துல வயிறு ரொம்புது, அதான் வியாபாரத்துல இதுக்குக் கவலையே இல்ல. இதையும் ஒரு எழுத்து விடாமல் நான்தான் எழுதினேன்.

அம்மா இப்போது கேம்ப் ரோடு மளிகைக் கடைக்கு அட்டைப் பெட்டி வாங்கப் போயிருக்கிறாள். நான் வரதுக்குள்ள உன் அண்ணனுக்கு நீயும் நாலு வரி எழுதிடு என்று செருப்பு மாட்டும்போது சொன்னாள். அந்த நாலு வரிதான் இது. உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதே, வரிசையாக எழுதினால்தான் எனக்கு நிதானம் வரும், நேரில் என்றால் இதில் ஒரு வாக்கியம் கூட என் வாயிலிருந்து வந்திருக்காது. அப்பா போன அடுத்த வருஷம் அம்மா வேலை செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து படுத்தாள், உன் டிப்ளமோவுக்குக் கடைசி வருஷப் பணம் கட்ட வேண்டியிருந்தது, பத்தாவது அரையாண்டோடு என்னை நிறுத்தினார்கள். வீட்டில் இருந்த கிரைண்டரில் தெருவுக்கு மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரகடம் கம்பெனியிலிருந்து உன்னைப் புனேவுக்கு மாற்றியபோது நீ உன் பழைய போனையும் அதே சிம்மையும் என்னிடம் கொடுத்தாய், இதில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடு, அபார்ட்மெண்ட்காரர்கள் எல்லாரும் இந்த நம்பருக்கே பணம் போடட்டும், நீ யாரிடமும் பேச வேண்டாம் என்றாய். அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியும். மணி அடித்து, கதவு திறந்ததும் காசு கேட்டு நிற்பது எனக்கு வராது. பாக்கெட்டைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன், படி இறங்குவதற்குள் பணம் வந்த சத்தம் கேட்கும். அந்த நம்பருக்கு வருகிற பணம் உன் அக்கவுண்டில் விழும், கார்டு உன்னிடம், பின் நம்பரும் உனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலை, உன் பேர்ல பேங்க்ல தர மாட்டாங்க, என்கிட்டயே சேரட்டும், உன் கல்யாணத்துக்கு நிக்கும் என்று அம்மா முன்னால் சொன்னாய். அம்மா அதை நம்பினாள், நானும் நம்பினேன். தெருவில் கைக்காசாக வருவதை வைத்து அரிசி, உளுந்து, கரண்ட் பில் பார்த்துக்கொண்டேன், போனில் வருவதைச் சேமிப்பு என்று நினைத்துத் தொடவே இல்லை, தொடவும் முடியாது.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி ராஜகீழ்ப்பாக்கம் ஸ்ம்ருதி அக்கா, ஒன்பது பாக்கெட்டுக்கு நானூற்று ஐம்பது போட வேண்டியவர்கள், நாலாயிரத்து ஐந்நூறு போட்டுவிட்டார்கள். அடுத்த நிமிஷமே, அச்சச்சோ தர்ஷினி, ஒரு ஜீரோ கூட விழுந்துடுச்சு, மீதி நாலாயிரத்து ஐம்பதைத் திருப்பிப் போட்டுடறியா என்று எழுதினார்கள். நான், சரி அக்கா என்று எழுதிவிட்டேன். அனுப்பப் போனால் பின் நம்பர் கேட்டது. உனக்கு எழுதினேன். அவர்கள் அனுப்பியதைப் படம் எடுத்துப் போட்டு, அவர்கள் நம்பரும் போட்டு, இதைத் திருப்பி அனுப்பிவிடு அண்ணா என்று எழுதினேன். காலை எட்டே முக்காலுக்கு ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை, அடுத்த வாரம் மூன்றாவது தடவை. மூன்றுக்கும் ப்ளூ டிக் இருக்கிறது, இப்போதும் திறந்து பார்த்தால் இருக்கிறது. ஸ்ம்ருதி அக்கா கேட்கும்போதெல்லாம் அண்ணாகிட்ட சொல்லியிருக்கேன் அக்கா என்று எழுதினேன், அதையே நாலு தடவை எழுதினேன். பிறகு அவர்கள், தர்ஷினி என்று என் பெயரை மட்டும் எழுதிக் கேள்விக்குறி போட்டார்கள். அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை, அபார்ட்மெண்ட் குரூப்பில் எழுதிவிட்டார்கள். இருபத்தாறாம் தேதி காலையில் இரண்டு பையிலுமாகச் சேர்த்துப் பன்னிரண்டு பாக்கெட்டோடு போனேன். கேட்டில் வாட்ச்மேன் சவுரிமுத்து அண்ணன் எழுந்து குறுக்கே நின்றார். பாப்பா, உன்ன மேல வுடக்கூடாதுனு செக்ரெட்டரி ஷ்யாம்சுந்தர் சார் சொல்லிகிறாரு, நாலாயிரத்த வாங்கி வெச்சுகினு தரமாட்டேன்றியாமே, உன்னப் பார்த்தா அப்படித் தெரிலியே, இன்னா பேஜாரு இது என்றார். பின்னால் காரில் இருந்து ஹாரன் அடித்தார்கள். நான் ஓரமாக நகர்ந்து, பைகளோடு திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டு பாக்கெட்டும் புளித்துப் போயின, அம்மா மூன்று நாள் அதில் பணியாரம் ஊற்றினாள், விக்கத் தெரியலன்னா தின்னாவது தீரு என்றாள்.

அதற்கு ஐந்தாம் நாள் ஒன்றாம் தேதி. அம்மா வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள், பாரு, உன் அண்ணன் போனஸ் என்றாள். ஒரு பாக்கெட் மாவு ஐம்பது ரூபாய். சம்பளத்தில், அதுவும் போனஸ் சேர்ந்த சம்பளத்தில், ஐம்பது எப்படி வால் ஆகும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது, ஆனால் உன்னைப் பற்றி அப்படி நினைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் ஆயுத பூஜை, அம்மாவுக்கு லீவு, அக்கம்பக்கத்துக்குப் பொரி கடலை கொடுக்கப் போனாள், போனை வைத்துவிட்டுப் போனாள். நான் அம்மா போனையும் மாவு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் அபார்ட்மெண்ட்காரர்கள் போட்டதை எல்லாம் கூட்டினேன், ஸ்ம்ருதி அக்காவின் கூடுதல் ஜீரோவோடு சேர்த்து. பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கூட்டலில் தப்பு இருக்கும் என்று மறுபடியும் கூட்டினேன். பிறகு ஆகஸ்டைக் கூட்டினேன், அதற்கு முந்தின மாதத்தை, அதற்கு முந்தினதை. போன வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் நீ எட்டாயிரம், எட்டாயிரம் என்று முழுசாக அனுப்பியிருக்கிறாய், அது உன் பணம், அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. செப்டம்பரிலிருந்து ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது, ஏழாயிரத்து நூறு, ஆறாயிரத்து எழுநூறு என்று போகிறது. பி.எஃப். பிடித்தம் போக வருகிறது என்று அப்போது அம்மாவிடம் சொன்னாய். பதினான்கு மாதமும் எனக்கு வந்ததும் நீ அனுப்பியதும் ஒரு ரூபாய் கூட மாறவில்லை. உன் கையிலிருந்து பத்து ரூபாய் சேர்த்திருந்தால் கூட, பத்து ரூபாய் எடுத்திருந்தால் கூட நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி நாலாயிரத்து முந்நூறு அனுப்பிவிட்டு, காய்ச்சலில் பத்து நாள் லீவு, சம்பளம் பிடித்துவிட்டார்கள் என்று எழுதினாய். உனக்கு உடம்பு தேற வேண்டும் என்று அம்மா அந்த இடுப்போடு ஆடியில் பால்குடம் எடுத்து வெயிலில் நடந்தாள், நான் பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன். மே மாதம் அபார்ட்மெண்டில் பாதிப் பேர் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தார்கள், மாவு வாங்க ஆள் இல்லை. அதுதான் அந்தக் காய்ச்சல்.

உன் வேலை போன வருஷமே போய்விட்டதா, அல்லது வேலை இருந்தும் சம்பளத்தை வேறு எங்காவது கட்டுகிறாயா, எனக்குத் தெரியாது. எது என்றாலும் பணத்தை நீ தின்றுவிட்டாய் என்று நான் சொல்லவில்லை, எல்லாமே இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது, வாடகைக்குப் போயிருக்கிறது, அம்மாவின் மாத்திரைக்குப் போயிருக்கிறது. உனக்குக் கையில் ஒன்றும் இல்லை, அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் என்னிடம் ஒரு வரி எழுதியிருக்கலாம். தர்ஷினி, உன் பணத்தை என் பெயரில் அனுப்பிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தால் சரி என்றுதான் எழுதியிருப்பேன், அம்மாவிடம் நானே, அண்ணன் அனுப்பியிருக்கான் பாரும்மா என்று காட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அம்மா உன் பெயரைச் சொல்லிச் சூடம் காட்டிவிட்டு, தட்டில் சோறு போடும்போது, அண்ணன் துட்டு, பார்த்துத் துன்னு, கொட்டாதே என்று என்னிடம் சொல்வாள். போன பொங்கலுக்கு நான் இருநூறு ரூபாய்க்கு வளையல் கேட்டேன், அவன் அங்க பட்டினி கிடந்து அனுப்பறான், உனக்கு வளையலா என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, கேட்டதற்கு அழுதேன். காலை நாலரைக்கு எழுந்து நான் அரைத்ததை நானே உன் சம்பாத்தியம் என்று நினைத்து அளவாகத் தின்றிருக்கிறேன். இதெல்லாம் கூடப் போகட்டும். ஸ்ம்ருதி அக்காவின் பணம் உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மூன்று தடவை எழுதியிருக்கிறேன், மூன்றையும் படித்திருக்கிறாய், படித்துவிட்டு அதை அம்மாவுக்குப் போனஸ் என்று அனுப்பியிருக்கிறாய். அதை அனுப்பும்போது கேட்டில் நான் நிற்பது உன் மனதுக்கு வந்திருக்க வேண்டும் அண்ணா.

கேசவன் மாமா வந்த மறுநாள், திங்கட்கிழமை, நான் அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் போனேன். சவுரிமுத்து அண்ணனிடம், மேலே போக மாட்டேன், ஸ்ம்ருதி அக்காவை மட்டும் கீழே கூப்பிடுங்கள் என்றேன். இன்னா பாப்பா, உனக்குப் பேசத் தெரியுமா என்று அவர் சிரித்துவிட்டு இண்டர்காமில் கூப்பிட்டார். ஸ்ம்ருதி அக்கா வந்தார்கள், காதில் ஆபீஸ் போன் மாட்டியபடியே வந்தார்கள். தப்பு என்னோடதுதான், ஆனா அது ஒரு செகண்ட்ல நடந்தது, உன்னோடது மூணு வாரமா நடக்குது, நான் என்னன்னு நினைக்கறது என்றார்கள். பணம் என் அண்ணன் அக்கவுண்டுக்குப் போகிறது அக்கா, என்னிடம் பின் நம்பர் இல்லை, கைக்காசும் அவ்வளவு இல்லை, மாவாகக் கொடுக்கிறேன் என்றேன். நாலாயிரத்து ஐம்பதுக்கு எண்பத்தொரு பாக்கெட் வரும் என்று கணக்கும் சொன்னேன். எண்பத்தொரு பாக்கெட்டை நான் எந்த ஃபிரிட்ஜ்ல வைக்கிறது என்றார்கள். பிறகு காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, அப்போ ரெண்டு வருஷமா அரைக்கிறியே, உன் கைக்கு இதுல எதுவுமே வரலையா என்று கேட்டார்கள். மாதம் எத்தனை கொண்டு வரட்டும் அக்கா என்றேன். மாசம் ஒன்பது கொண்டு வா, ஒன்பது மாசத்துல தீரும், குரூப்ல நான் எழுதிடறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், எழுதியும் விட்டார்கள். ஆனாலும் பத்து வீடு இன்னும் திரும்பி வரவில்லை. அங்கிருந்தே கேம்ப் ரோடு போய் ஒரு சிம் வாங்கினேன், எனக்குத்தான் ஆவணியில் பதினெட்டு முடிந்துவிட்டதே. அடுத்த நாள் ஆதாரை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய் என் பெயரில் அக்கவுண்ட் ஆரம்பித்தேன். கவுண்டரில் இருந்த மேடம், இதுக்குப் பதினெட்டு ஆகணும்னு இல்லையேம்மா, முன்னாடியே வந்திருக்கலாமே என்றார்கள். நீ வேண்டுமென்றே அப்படிச் சொன்னாய் என்று எழுத மாட்டேன், உனக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். நேற்று எல்லா வீட்டுக்கும் புது நம்பரை அனுப்பிவிட்டேன். இனி மாவுப் பணம் அதில்தான் வரும். அடுத்த ஒன்றாம் தேதி உன் அக்கவுண்டில் என்ன இருக்குமோ, அதைத்தான் நீ அம்மாவுக்கு அனுப்ப முடியும். படப்பை மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு மாதம் மாதமாகப் பார்த்தது என் மாவு. அந்தப் பெண்ணும் என்னை மாதிரி நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, அதனால் கார்த்திகைக்கு முன்னால் அவர்களுக்கு உண்மை போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்து நாளில் மூன்று தடவை சொல்லப் போனேன், மூன்று தடவையும் அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டோ உன் சட்டையை மடித்துக்கொண்டோ இருந்தாள்.

போகும்போது அம்மா சொல்லிவிட்டுப் போன முடிவு வரிகள் இவை. தீபாவளிக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். வெளியில் எண்ணெய்ப் பலகாரம் வாங்கித் தின்னாதே. எங்கே இருந்தாலும் கை நிறையச் சம்பாதித்து, நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்கிற மாதிரி நீ இருக்க வேண்டும் என்று அம்மா உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறாள், கை எட்டாததால் காகிதத்தில் எழுதச் சொன்னாள். பெட்டி கிடைத்ததும் அம்மாவுக்கு மறக்காமல் போன் செய். நான் நினைவுபடுத்துவது ஒன்றுதான், ஸ்ம்ருதி அக்காவுக்கு நாலாயிரத்து ஐம்பது.

இப்படிக்கு,
உன் அம்மா பச்சையம்மா
(கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்)
எழுதியது தேவதர்ஷினி

மேலே முடித்த பிறகு அம்மா பெட்டியோடு வந்துவிட்டாள். இன்னாடி நாலு வரினு சொன்னேன், நாலு பக்கம் எழுதிகிறே, அவன்கிட்ட மட்டும் உனக்கு இவ்ளோ பேச்சு வருதா என்று சிரித்தபடி கால் நீட்டி உட்கார்ந்தாள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுசையும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். அம்மா சொன்னதை மட்டும் படித்துவிட்டு மடித்துவிடலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, ஐம்பது ரூபாய் வந்த இடத்தில் நிறுத்தாமல், கடைசிப் பக்கம் வரைக்கும் சத்தமாகப் படித்தேன்.